ஒரு பெயர் குறைந்த ஜெபம்

சுந்தர்சிங்கின் அடக்க ஆராதனையில் அவனுடைய வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார்கள். அரைப் பக்கம். பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற சபை, ரயில்வேயில் சேர்ந்த வருஷம், மெட்டில்டாவைக் கைப்பிடித்த நாள், மகள் பெயர், காலமான மகன் பெயர், கர்த்தருக்குள் நித்திரையடைந்த நேரம். அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷம் மின்சார ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று ஊர் ஜனங்களை வேலைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு அரைப் பக்கம்! எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். என் மனைவி சரளா கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சும்மா இருங்க. இது சர்ச்சு."

சும்மா இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த அரைப் பக்கத்தில் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது. அதைச் சொல்லாமல் சுந்தர்சிங்கைச் சொல்ல முடியாது. அவன் உயிரோடு இருந்தவரை அதை முழுசாக யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

என் பெயர் தாமோதரன். தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன். கடவுள் கிடையாது என்று பதினாறு வயதில் முடிவு செய்தேன். அதை மாற்றிக்கொள்ள இன்றுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடும் சுந்தர்சிங் வீடும் எதிரெதிரே. அவன் கோயில் தப்பாத கிறிஸ்தவன். இருபது வருஷம் நாங்கள் சண்டை போட்டோம். அவனுக்கு ஓய்வுள்ள நாட்களில் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடப்போம், பிறகு டீ குடிப்போம். டீ ஆறி ஆடை படிந்த பிறகும் சண்டை ஓயாது.

அவன் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மின்சார ரயிலில் டிரைவர் முன்னால் இருப்பார், கார்டு பின்னால். டிரைவர் வரப்போவதைப் பார்ப்பார். கார்டு போனதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டி ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஏன் பிந்தியது என்று கார்டு தன் ஜர்னலில் எழுதியாக வேண்டும். சிக்னல் விழவில்லை, தண்டவாளத்தில் மாடு, கூட்டம் ஏறி முடியவில்லை, இப்படி ஏதாவது ஒன்று. காரணம் இல்லாமல் ஒரு நிமிஷமும் தொலையாது என்பான் சுந்தர்சிங். அந்தப் புத்தி வேலையோடு நிற்கவில்லை. பால்காரர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் வாசலிலேயே நிறுத்திக் காரணம் கேட்பான். பாவம், அந்த ஆள் அவன் வீட்டுக்கு மட்டும் ஓடிவருவார்.

நான் அவனை அங்கேதான் மடக்குவேன்.

"இன்னா சுந்தரு, உலகத்தைப் படைக்கறதுக்கு முன்னாடி உங்க ஆளு இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?"

"முன்னாடின்னு ஒண்ணு இருந்தாத்தானே தாமு? காலத்தையும் சேத்துதான் அவர் படைச்சாரு. நீ கேக்கறது எப்படி இருக்கு தெரியுமா? தாம்பரம் ஸ்டேஷனைக் கட்டறதுக்கு முன்னாடி, தாம்பரம் ஸ்டேஷன்ல வண்டி எத்தனாவது பிளாட்பாரத்துல வந்துச்சுன்னு கேக்கற மாதிரி."

"நாளே இல்லாத ஆளு ஏழாம் நாள் லீவு வேற போட்டுக்கினாரே, அது எப்டி?"

"பாவி" என்று சிரிப்பான். அவனுக்குக் கோபமே வராது. அதுவே எனக்குக் கோபம்.

ஒருநாள் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். "எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்னு நீதான சொல்ற? அப்ப கடவுளுக்கு இன்னா காரணம்? அவர யாரு படைச்சது?"

"ஆரம்பம் இருக்கறதுக்குத்தான் காரணம் வேணும். அவருக்கு ஆரம்பம் இல்ல."

"அதையே உலகத்துக்குச் சொல்லிட்டுப் போயேம்பா. உலகம் எப்பவும் கீது. நடுவுல ஒரு ஆளு எதுக்கு?"

அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் கழித்து டியூட்டி முடிந்து வந்தவன், வெள்ளைச் சீருடையைக்கூட மாற்றாமல் என் வீட்டு வாசலில் நின்றான். "தேயற எதுவும் எப்பவும் இருந்திருக்காது தாமு. சக்கரத்த மாத்தறோம், தண்டவாளத்த மாத்தறோம். உலகம் ஆரம்பமே இல்லாம ஓடிட்டிருந்தா இத்தனை நேரத்துக்கு முழுசாத் தேஞ்சு போயிருக்கணும்" என்றான். மூன்று நாளும் தலைக்குள் அதையே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். உள்ளே வந்து காபி சாப்பிடச் சொன்னாள் சரளா.

அவன் அடிக்கடி சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. "டிரைவர் முன்னால பாக்கறாரு, நான் பின்னால பாக்கறேன். ஸ்டேஷன் மேம்பாலத்துல நிக்கற ஆளு ரெண்டு முனையையும் ஒண்ணாப் பாக்கறான். கடவுள் அங்க நிக்கறாரு தாமு. நமக்குத்தான் நேத்தும் நாளைக்கும். அவருக்கு எல்லாமே இப்ப."

"மேம்பாலத்த யாரு கட்டினது?" என்பேன் நான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இதையெல்லாம் கேட்டே வளர்ந்தவன் அவன் மகன் ஜோஸ்வின். பொத்தேரியில் படித்துவிட்டு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மார்க் போடுவான். "அங்கிளுக்கு ரெண்டு, அப்பாவுக்கு ஒண்ணு" என்பான். எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது அந்த மார்க் எனக்கு வேண்டாம்.

அவர்கள் வீட்டில் தினமும் இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம். பாயை விரித்து நாலு பேரும் உட்காருவார்கள். ஒரு பாட்டு, கொஞ்சம் வேத வாசிப்பு, பிறகு சுந்தர்சிங் கண்ணை மூடி ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பான். மெட்டில்டா, மூத்தவள் ஜெரூஷா, பிறகு ஜோஸ்வின். உறவுக்காரர்கள், சபையில் உடம்பு சரியில்லாதவர்கள் என்று அந்த வரிசை நீளும். கடைசியில் நானும் உண்டு. "என் நண்பன் தாமோதரனின் கண்களைத் திறந்தருளும்" என்பான். எதிர்வீட்டில் எனக்கே கேட்கும். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று மறுநாள் சொல்வேன்.

ஒரு புதன்கிழமை காலை கூடுவாஞ்சேரி அருகே ஜோஸ்வினின் பைக்கில் பின்னாலிருந்து ஒரு லாரி மோதியது. இருபத்து நாலு வயது. அதே நேரத்தில் சுந்தர்சிங் செங்கல்பட்டு வண்டியில் டியூட்டியில் இருந்தான். வண்டி குறித்த நேரத்தில் சேர்ந்தது என்று ஜர்னலில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவனை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு அவன் வாதம் செய்யவில்லை. ஓய்வு பெற்றான். ஜெரூஷாவுக்குக் கல்யாணமாகி மேடவாக்கம் போனாள். நாங்கள் தினமும் நடந்தோம். நானே வம்புக்கு இழுத்தாலும் "விடு தாமு" என்பான். சோறு இறங்காது. சட்டை தோளிலிருந்து தொங்க ஆரம்பித்தது. இருபது வருஷம் என்னோடு மல்லுக்கு நின்றவன் இப்படி வாயை மூடிக்கொண்டு நடப்பது எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. அவன் ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜோஸ்வின் போய் ஒரு வருஷம் கழிந்த பிறகு, ஏரிக்கரை பெஞ்சில் அவனாகவே வாயைத் திறந்தான்.

"தாமு, ஒரு கேள்வி. வாதத்துக்கு இல்ல. எனக்கு நிஜமாத் தெரியணும்."

"கேளு."

"கடவுளுக்கு முன்ன பின்ன கிடையாதுன்னு நான் சொல்வேன்ல? அப்படின்னா இன்னிக்கு நான் பண்ற ஜெபம், போன வருஷம் ஒரு ராத்திரியில அவருக்குக் கேட்டிருக்குமா?"

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னான்.

விபத்துக்கு முந்தைய நாள் ராத்திரி. சாப்பிடும்போது ஜோஸ்வின் சொல்லியிருக்கிறான்: "அப்பா, எனக்கு நம்பிக்கை இல்லப்பா. பொய்யா உக்காந்து கண்ண மூடறது கஷ்டமா இருக்கு. தாமோதரன் அங்கிள் சொல்றதுதான் சரின்னு படுது." மெட்டில்டா கெஞ்சியதால் எட்டரைக்குப் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டான். சுந்தர்சிங் ஜெபித்தான். மெட்டில்டா பெயரைச் சொன்னான். ஜெரூஷா பெயரைச் சொன்னான். அடுத்த பெயரை வேண்டுமென்றே தாண்டினான். சித்தப்பா பிள்ளைகள், சபை, நோயாளிகள், கடைசியில் என் பெயர், ஆமென்.

"கண்ணத் திறந்தப்ப அவன் என்னையே பாத்துட்டு இருந்தான் தாமு. ஒண்ணும் கேக்கல. பாயச் சுருட்டி வச்சுட்டுப் போயிட்டான். காலைல நான் நாலு மணிக்கே டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். அதான் கடைசி. உன் பேரைக்கூட சொன்னேன் தாமு. என் புள்ள பேரைச் சொல்லல."

பதறினால் எனக்குக் கத்தத்தான் வரும். "லூசா நீ? லாரிக்காரன் தூங்கிட்டான். போலீஸே சொல்லிட்டாங்க. அதான் காரணம். நீ பேரு சொன்னா லாரிக்கு பிரேக்கு புடிக்குமா?"

"அந்தக் காரணம் உனக்குப் போதும். எனக்குப் போதல" என்றான். "ஆயர்கிட்ட கேட்டேன். நாம இறந்தவங்களுக்காக ஜெபிக்கறதில்லன்னு சொல்லிட்டாரு. எங்க சபையில அது வழக்கம் இல்ல, சரிதான். ஆனா நான் இறந்தவனுக்காகக் கேக்கல தாமு. அந்த ராத்திரி பாயில உயிரோட உக்காந்திருந்தானே, அவனுக்காகக் கேக்கறேன். கேக்கலாமா? நீ எனக்காக இரக்கப்பட்டு எதுவும் சொல்லமாட்ட. அதான் உன்னக் கேக்கறேன்."

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். வேறென்ன செய்ய? அந்தப் பையன் கடைசியாகச் சொன்ன பேச்சில் என் பெயர் இருந்தது.

மறுநாளே மேடவாக்கத்துக்கு பஸ் ஏறினேன். அப்பா சாப்பிடாமல் தேய்கிறார், கொஞ்ச நாள் உன்னோடு வைத்துக்கொள் என்று ஜெரூஷாவிடம் சொல்வதற்குத்தான் போனேன். அவர்கள் குடியிருப்பு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி நின்றது. என்னை அழைக்கக் கீழே வந்த அவள் லாரியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னை உள்ளே அழைத்துப் போனாள். அவளிடம் எதையும் மறைக்க எனக்குத் தெரியவில்லை. ஏரிக்கரையில் அவன் கேட்டதை அப்படியே சொன்னேன்.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள்.

"அங்கிள், அன்னிக்கு ஜெபம் முடிஞ்சு நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். ஜோஸ்வின் பக்கத்துல வந்து நின்னான். 'அப்பா என் பேரை விட்டுட்டாருடி'ன்னான். 'உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே, உனக்கென்ன?'ன்னேன். 'இல்ல, ஆனா ஒரு மாதிரி இருக்கு. நீ சொல்லேன்'ன்னான். ஈரக் கையோட அவன் தலைல கைய வச்சு சொன்னேன் அங்கிள். பேரைச் சொல்லி, நாளைக்கு வண்டில பத்திரமாப் போயிட்டு வரணும்னு சொன்னேன். அவனும் ஆமென் சொன்னான்."

அவள் அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இத அப்பாகிட்ட சொன்னா அவர் மேல தப்பு இல்லன்னு ஆயிடும். எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அப்புறம் அவர் கேப்பாரே அங்கிள், 'ஜெபம் பண்ணியும் ஏன்?'னு. எனக்கு அதுக்கப்புறம் ஜெபமே வரல. சர்ச்சுக்குப் போறேன், வாயசைக்கறேன், வரேன். அவருக்கும் அப்படி ஆயிட்டா அவர் எப்படி உயிரோட இருப்பாரு?"

இருபது வருஷமாக நான் தேடிய வாதம் அது. புத்தகத்தில் இல்லாதது, மூன்று நாள் யோசித்தாலும் அவனால் பதில் சொல்ல முடியாதது. பெயர் சொல்லிக் கேட்டார்கள், கேட்டபிறகும் பையன் போய்விட்டான். ஒரே ஒரு வாக்கியத்தில் சுந்தர்சிங்கை நான் முடித்துவிடலாம். அவன் குற்றவாளி இல்லை என்று நிரூபித்து அவனிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

வாரக் கடைசியில் அதே பெஞ்சு. நானே ஆரம்பித்தேன்.

"நீதான சொன்ன, மேம்பாலத்துல நிக்கறவருக்கு ரெண்டு முனையும் ஒண்ணாத் தெரியும்னு? அப்ப இன்னிக்குச் சொன்னா இன்னா, அன்னிக்குச் சொன்னா இன்னா? ரெண்டும் ஒண்ணுதான். போய்ச் சொல்லு. அவன் பேரைச் சொல்லு."

"நீ நம்பிச் சொல்றியா?"

"நம்பறது உன் வேல. உன் பேச்சுல எங்கயாவது ஓட்டை இருக்குதான்னு ஒரு வாரம் பாத்தேன். இதுல இல்ல."

நான் பொய் சொல்லவில்லை. அவன் ஒப்புக்கொண்டதிலிருந்து அந்த முடிவுதான் வரும். ஆனால் அங்கிருந்து இன்னொன்றும் வரும். அவன் முகத்தைப் பார்த்தபோது அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தது. கார்டு அல்லவா, கடைசிப் பெட்டி வரை பார்க்காமல் விடுவானா?

"அப்ப நான் இனிமே பண்ணப்போற ஜெபமெல்லாம் அன்னிக்கே அவருக்குக் கேட்டிருக்கும்" என்றான் மெதுவாக. "கேட்டும்…"

"வா, டீ சாப்டலாம்" என்று எழுந்தேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அதை நான் நேர்ல கேட்டுக்கறேன் தாமு."

அன்றைக்கு எட்டரைக்கு என்னையும் சரளாவையும் கூப்பிட்டான். ஜெரூஷாவும் வந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்கள் பாயில் உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை. மெட்டில்டா பெயர் வந்தது, ஜெரூஷா பெயர் வந்தது. பிறகு நின்றான்.

"அந்தச் செவ்வாக்கிழமை ராத்திரி, எங்க கூட இந்தப் பாயில உக்காந்திருந்த ஜோஸ்வினையும், ஆண்டவரே…"

மெட்டில்டா வாய்விட்டு அழுதுவிட்டாள். "ஒரு வருஷமா இந்தப் பேருக்குத்தாங்க காத்திருந்தேன்" என்று அவன் தோளில் அடித்தாள். அந்த ராத்திரி அவளும் அங்கேதானே இருந்தாள். தாண்டிய பெயர் அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு வருஷம் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஜெரூஷா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அன்று அவன் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஒருநாள் விடாமல், அதே வரிசையில் அதே இடத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. கடைசியில் என் கண்கள் திறக்கவேண்டும் என்பதும் வந்தது. எதிர்வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். முந்தாநாள் சாயங்காலம் மாரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவன் பிறகு எழவில்லை.

ஜோஸ்வினின் கல்லறையைத் திறந்துதான் அவனையும் வைத்தார்கள். எல்லாரும் மண் போட்டுக் கலைந்த பிறகு ஜெரூஷா மட்டும் நின்றாள். நானும் நின்றேன்.

"அங்கிள், அப்பா நேர்ல கேட்டுக்கறேன்னு சொன்னதா சொன்னீங்களே, இப்ப கேட்டிருப்பாரா?"

எங்கே கேட்பது, யாரிடம் கேட்பது? மண்ணுக்குள் போனால் மண். அறுபத்தைந்து வயது வரை இதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே அப்படி ஒரு இடம் இருந்தால் அவன் பிள்ளையைப் பார்த்துவிடுவான். பார்த்தால், ஈரக் கையோடு இவள் சொன்ன ஜெபமும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"கேட்டிருப்பாரும்மா" என்றேன். "உங்கப்பனா விடுவான்? ஒரு நிமிஷம் லேட்டானாலே காரணம் எழுதற ஆளு. இருபத்து நாலு வயசுல நிறுத்தினதுக்குக் காரணம் கேக்காம உள்ளயே போயிருக்கமாட்டான்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பு போய் அழுகை மட்டும் நின்றது. நான் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இல்லவே இல்லை என்று ஆயுசு முழுக்க நான் சொன்ன ஒருவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.